காற்று அசையாத காலைகளில் அக்கரைக் குரல்

எண்பத்து மூன்றாம் ஆண்டு பிறந்து சில நாட்களில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அப்போது நான் நெல்லியடித் தபாற்கந்தோரில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருந்தேன். வயது இருபத்தேழு. யாழ்ப்பாண நகரத்தில் பொலிசார் புதிதாக ஒரு கட்டுப்பாட்டு அறை தொடங்குகிறார்கள், தமிழும் சிங்களமும் தடங்கலின்றிக் கதைக்கக்கூடிய, ரெலிபோன் பலகையில் பழகிய ஒருவர் அங்கே தேவை, ஆகவே உங்களைத் தற்காலிகமாக அனுப்புகிறோம் என்று அதில் இருந்தது. முதல் நியமனத்தில் குருநாகலில் இரண்டு வருடம் இருந்து பழகிய சிங்களம் என்னை இப்படி ஓர் இடத்துக்குக் கொண்டுபோகும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அம்மா கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"பொலிசுக்குள்ளை ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை?"

"ரெலிபோன் எடுக்கிறதுதான் அம்மா. இஞ்சை செய்யிற அதே வேலைதான்."

"அதே வேலை எண்டால் இஞ்சையே செய்யன்."

அவர் கேட்டதில் பிழை இல்லை. அந்த நாட்களில் எங்கள் உடுப்பிட்டியில் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே முகங்கள் மூடிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன் நகரத்தில் எது எரிந்தது, யார் எரித்தார்கள் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எனக்குப் போக வேண்டும் போலிருந்தது. காரணம், நெல்லியடியில் ஒரு பகல் முழுவதும் நான் கேட்ட ஒரு குரல். கரணவாய்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண். வீட்டுக்குள் யாரோ கத்தியோடு நிற்பதாகச் சொன்னாள். நான் பொலிசுக்கு இணைத்தேன். "ஜீப் வெளியிலை போட்டுது, வந்த உடனை சொல்லுறம்" என்றார்கள். ஜீப் எங்கே நிற்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவேளை அந்தப் பெண்ணின் ஒழுங்கையாலேயே அது போயிருக்கலாம். நாலு தடவை இணைத்தேன். ஐந்தாவது தடவை அவளுடைய பக்கத்தில் யாரும் ரெலிபோனை எடுக்கவில்லை. அவளுக்கு என்ன நடந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியவரவில்லை.

புதிய அறை கடலேரிப் பக்கம் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. ஒரு நீள மேசை, அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு றேடியோப் பெட்டி, இரண்டு ரெலிபோன்கள், கண்ணாடிக்குக் கீழே விரித்த குடாநாட்டு வரைபடம். கட்டடத்தின் பின்னால் ஓர் இரும்புக் கம்பம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் அன்ரெனா வந்ததும், ஓடுகிற ஒவ்வொரு ஜீப்போடும் நேரே கதைக்கலாம் என்றார்கள். குடாநாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஆட்கள் ஒரே இலக்கத்துக்கு ரெலிபோன் எடுப்பார்கள். அவர்கள் தமிழில் சொல்வதை நான் கேட்டு, வரைபடத்தில் அருகில் நிற்கும் ஜீப் எது என்று பார்த்து, சிங்களத்தில் அதற்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அறைக்குப் பொறுப்பாக ஒரு சார்ஜன்ட் இருந்தார். மாத்தறைப் பக்கத்தவர், ஐம்பது வயது. பத்து வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தபடியால் தமிழை மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கதைப்பார். என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார். பெட்டியையும் கம்பத்தையும் பொருத்தக் கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். பிறந்த இடம் கோப்பாய். கொழும்பிலே இருந்து இருந்து சலித்துப்போய், இந்த வேலைக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். காலையில் தன் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு, காற்சட்டை மடிப்பில் செம்மண்ணோடு சைக்கிளில் வந்து இறங்குவார்.

அன்ரெனா ஏறிய மறுநாள் அவர் ஒரு ஜீப்பில் குடாநாட்டைச் சுற்றப் புறப்பட்டார். எங்கெங்கே குரல் கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று பார்ப்பதற்கு. நான் பெட்டிக்கு முன்னால் சிவப்பும் பச்சையுமாக இரண்டு பென்சில்களோடு இருந்தேன்.

"தங்கச்சி, கோப்பாய்ச் சந்தி. கேக்குதோ?"

"கேக்குது அண்ணை."

"நீர்வேலி."

"கேக்குது."

"புத்தூர். இஞ்சை ஒருத்தர் வாழைக்குலை கொண்டு போறார். குலை பெரிசு."

"கேக்குது அண்ணை. குலையும் தெரியுது."

நான் ஒவ்வோர் ஊருக்கும் பச்சைப் புள்ளி வைத்துக்கொண்டு போனேன். இந்த வழியால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ஆனால் கண்ணால் பாராமல், ஒரு குரல் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போக, இருந்த இடத்திலேயே இருந்து போவது வேறு மாதிரி இருந்தது. வல்லை வெளிக்கு வந்ததும் அவருடைய குரல் திடீரென்று தெளிந்து, காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் காற்று இரையும் சத்தம். தூரத்தில் ஏதோ ஒரு பறவை. அந்த வெளியின் வெள்ளை உப்புத்தரையும் தேங்கி நிற்கும் தண்ணீரும் அறைக்குள்ளே பரவி, மேசைக் கால்களைத் தொடுவது போலிருந்தது.

ஜீப் வல்லையைத் தாண்டியது. பிறகு மெக்கானிக் சொன்னார்.

"தங்கச்சி, இப்ப உடுப்பிட்டி. நீர் சொன்ன ஒழுங்கை இதுதானே? கிணத்தடியிலை ஒரு அம்மா நிக்கிறா. ஜீப்பைக் கண்டு பயந்து போனா. நீரே கதையும்."

நான் பெட்டிக்குக் கிட்டக் குனிந்தேன். அந்தப் பக்கத்தில் ஏதோ உரசும் சத்தம். அதன் பிறகு அம்மாவின் குரல், பெட்டி அதிரும்படி.

"பிள்ளை! சாப்பிட்டியோ?"

"சாப்பிட்டன் அம்மா. கத்தாதேங்கோ. மெல்லக் கதையுங்கோ."

"இவ்வளவு தூரத்துக்கு மெல்லக் கதைச்சால் எப்பிடிக் கேக்கும்?"

சார்ஜன்ட் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா அழுத்திய பொத்தானை விடவே இல்லை. பால்காரன் வராததையும், பூவரசு சரிந்து வேலிக்கு மேலே விழப்பார்ப்பதையும், பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்ததையும் சொல்லிக்கொண்டே போனார். "கையை எடுங்கோ அம்மா, அவ கதைக்க வேணுமெல்லே" என்று மெக்கானிக் கெஞ்சுவது கேட்டது. உடுப்பிட்டிக்கு நான் பச்சைப் புள்ளி வைத்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது அம்மா வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உன்ரை குரல் அந்தப் பெட்டிக்குள்ளாலை வரேக்கை நல்லாத்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

தொடக்கத்தில் அதிகம் பேர் ரெலிபோன் எடுக்கவில்லை. எடுத்தவர்களும் பொலிஸ் என்று கேட்டதும் வைத்துவிடுவார்கள். ஒரு தமிழ்ப் பெண்குரல் "சொல்லுங்கோ" என்று சொல்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் பரவியது. மாசி மாதத்தில் கோப்பாயில் ஒரு கிணற்றுக்குள் பசுமாடு விழுந்துவிட்டது. நீர்வேலிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஜீப்பைத் திருப்பினேன். கயிறு கொண்டு மாட்டைத் தூக்கி எடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர் மறுபடியும் ரெலிபோன் எடுத்து, "பிள்ளை, மாடு எழும்பி நிக்குது" என்றார். அன்று முழுவதும் நான் நிலத்தில் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கரைக் குரல்கள் வரத் தொடங்கியதும் மாசியில்தான்.

நான் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்துவிடுவேன். அந்த நாட்களில் காற்று நின்றுபோயிருந்தது. கடலேரி வார்த்த கண்ணாடி போலக் கிடக்கும். பண்ணைப் பாலத்தில் போகிற ஒரு சைக்கிளின் நிழல்கூடத் தண்ணீரில் உடையாமல் கூடவே போகும். கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை, பால் நிறத்தில் மூடுபனிபோல ஒரு புகார் மட்டும். அப்படியான ஒரு காலையில் எங்கள் பெட்டி தானாகவே கதைத்தது.

"எல்லா நிலையமும் காலை விவரம் சொல்லுங்க."

தமிழ்தான். ஆனால் எங்கள் தமிழ் இல்லை. சார்ஜன்ட் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"யார் மிஸ் இது? எங்கடை ஜீப்பிலை யாரோ ஏறிட்டாங்களா?"

அதற்குள் இன்னொரு குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து: "ஒண்ணும் விசேஷமில்லீங்க ஐயா. கோயில் திருவிழாவுக்கு ரெண்டு பேர அனுப்பியிருக்கோம்." மூன்றாவது ஒன்று: "ஆடு காணாமப் போன புகார் ஒண்ணு."

மெக்கானிக் வந்ததும் அவரையும் கேட்க வைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் மலர்ந்தது.

"இது இந்தியா. தமிழ்நாட்டுப் பொலிஸ். வேதாரணியம், நாகபட்டினம் பக்கமாயிருக்கும்."

"அவ்வளவு தூரம் இந்தப் பெட்டிக்குக் கேக்காது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?" என்றேன்.

"கேக்காதுதான். எங்கடை அலை நேரை போய் வானத்திலை கலைஞ்சு போயிடும். ஆனால் காத்து நிண்டுபோனால் கடலுக்கு மேலை குளிர்காத்து ஒரு படையாய்க் கிடக்கும். அதுக்கு மேலை சூட்டுக்காத்து. ரெண்டுக்கும் இடையிலை அகப்பட்ட அலை வெளியாலை போகேலாது. வாய்க்காலிலை விட்ட தண்ணி மாதிரி ஓடி அந்தக் கரையிலை போய்த்தான் நிக்கும். வெயில் ஏறினால் வாய்க்கால் உடைஞ்சிடும்."

அவர் சொன்னது போலவே எட்டரை, ஒன்பது மணிக்கு அந்தக் குரல்கள் தேய்ந்து, இரைச்சலாகி, இல்லாமல் போயின. இது புதிய முறையில் ஒரு குறை என்று மெக்கானிக் கொழும்புக்கு எழுதினார். எழுதத்தான் வேண்டும், எங்கள் ஜீப்புகளின் குரல் அதனால் அமுங்கிப்போகிறதே. எங்கள் பெட்டிகள் எழுப்பும் ஓர் அடையாள ஒலி இருந்தால் மட்டும் திறக்கிற ஒரு சிறு கருவியை அனுப்புவதாகக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அது வரும்வரை அந்தக் குரல்களைக் கவனிக்கக் கூடாது, பதில் சொல்லவே கூடாது என்று சுற்றறிக்கையும் வந்தது. சார்ஜன்ட் அதைச் சுவரில் ஒட்டினார்.

பதில் சொல்லவில்லை. ஆனால் கேளாமல் இருக்க என்னால் முடியவில்லை. அக்கரைக் கட்டுப்பாட்டு அறையில் காலையில் கதைக்கிறவர் ஒருவரே. வயது போனவர் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தியதும் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தொடங்குவார். யாராவது தடுமாறினால் "பதறாம சொல்லுப்பா" என்பார். அவருடைய உலகத்தில் எப்போதும் ஏதோ ஒரு திருவிழா நடந்தது. பஸ்கள் வயலுக்குள் இறங்கின. ஒரு யானை லொறியில் போனது. ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் காணவில்லை, பிறகு கண்டுபிடித்தார்கள். நான் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, புகாருக்குள் மறைந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதித் தூக்கத்தில் பக்கத்து அறையில் உறவினர் கதைப்பதைக் கேட்பது போலிருக்கும். அவர்கள் கதைத்துக்கொண்டிருக்கும்வரை எங்கேயும் ஒரு தீங்கும் நடக்காது என்று தோன்றும்.

பங்குனியில் ஒருநாள் குருநகரிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். அவளுடைய புருசனும் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் எஞ்சின் படகில் போய் மூன்று நாளாகத் திரும்பவில்லை. கீழே முறைப்பாட்டை எழுதினார்கள். கடற்படைக்கு அறிவித்தார்கள். வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த நீள மர வாங்கில் இருந்தாள். மறுநாள் காலையிலும் வந்து அதே வாங்கில் இருந்தாள். தவக்காலம், அவள் ஒருநேரச் சாப்பாடுதான் சாப்பிடுகிறாள் என்று சார்ஜன்ட் கேட்டறிந்து வந்து சொன்னார். நான் அவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அக்கா," என்றாள். "மேலை இருக்கிற உங்கடை பெட்டியிலை கடல் கேக்குமோ?"

"ஜீப் மட்டும்தான் கேக்கும் தங்கச்சி."

"கடலிலை போறவைக்கும் இப்பிடி ஒரு பெட்டி குடுத்தால் என்ன?"

நான் வெறுங்கோப்பையை வாங்கிக்கொண்டு மேலே போனேன். வீடு திரும்பும்போது பஸ்ஸின் யன்னலோரத்தில் இருந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள், அவர்கள் போய் ஐந்தாவது நாள் காலை, புகார் அறைக்குள்ளேயே வந்திருந்தது. வரைபடத்துக்கு மேலே கண்ணாடி வியர்த்திருந்தது. ஏழரை மணிக்கு அக்கரைக்காரர் தொண்டையைச் செருமினார். நிலையங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தன. நாலாவதோ ஐந்தாவதோ ஒரு நிலையம், கோடியக்கரைப் பக்கத்தது:

"ஐயா, நேத்து சாயங்காலம் படகு ஒண்ணு கரை ஒதுங்கியிருக்குங்க. எஞ்சின் பழுது. நாலு பேரு. சிலோன்காரங்க பேசுற மாதிரி பேசுறாங்க. ஒருத்தருக்கு நினைவில்ல, ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு."

"பேரு விவரம் வாங்குனியா?"

"எழுதி வச்சிருக்கேங்க. அப்புறமா அனுப்புறேன்."

"சரி. அடுத்த நிலையம்."

அடுத்த நிலையம் கதைக்கத் தொடங்கிவிட்டது. என்னுடைய கை பொத்தானுக்கு மேலே இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியாது. சார்ஜன்டைப் பார்த்தேன். அவருக்கு இந்தியத் தமிழ் முழுதாக விளங்குவதில்லை. ஆனால் "படகு", "நாலு பேர்" இரண்டும் விளங்கியிருந்தன. அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பிறகு முறைப்பாட்டுக் கோவையை எடுத்து என் முன்னால் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"படகு இலக்கம் கேளுங்கோ மிஸ். பேர் மாறும். இலக்கம் மாறாது."

நான் அழுத்தினேன்.

"ஐயா, மன்னிக்க வேணும். நான் யாழ்ப்பாணத்திலையிருந்து கதைக்கிறன். பொலிஸ் கட்டுப்பாட்டு அறை. அந்தப் படகைப் பற்றிக் கேக்க வேணும்."

விட்டேன். இரைச்சல். அந்த இரைச்சல் எவ்வளவு நேரம் இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பிறகு அவர்.

"யாரும்மா நீங்க? எங்கேருந்து?"

"யாழ்ப்பாணம் ஐயா. சிலோன்."

"சிலோனா?" அவர் சிரித்தாரா, செருமினாரா தெரியவில்லை. "அடேயப்பா. பக்கத்து ரூம்லேருந்து பேசுற மாதிரி இருக்கேம்மா. சொல்லுங்க. பதறாம சொல்லுங்க."

படகின் இலக்கத்தைச் சொன்னேன். அவர் கோடியக்கரை நிலையத்தைக் கேட்டார். அது இலக்கத்தை வாசித்தது. ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் எண்ணாக, சார்ஜன்டின் விரல் கோவையில் நகர்ந்தது. சரியாக இருந்தது. பெயர்களை வாசிக்கச் சொன்னார். மூன்று பெயர். படகுக்காரர், அவருடைய மச்சான், அந்தப் பெண்ணின் அண்ணன்.

"நாலாவது ஆள் ஐயா?"

"அவருதாம்மா ஆஸ்பத்திரில இருக்காரு. கூட வந்தவங்க ஒரு பேரு சொல்றாங்க. ஆனா ஆஸ்பத்திரில அதே நாள்ல கடல்லேருந்து கொண்டுவந்த வேற ரெண்டு பேரும் இருக்காங்களாம். ஒருத்தர் இறந்துட்டாரு. யாரு யாருன்னு இன்னும் தெரியல. அடையாளம் ஏதாச்சும் இருக்கா?"

நான் படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவள் வாங்கில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பினாள்.

"உன்ரை அண்ணன் இருக்கிறார். அக்கரையிலை. சுகமாயிருக்கிறார்."

"அவர்?"

"ஆஸ்பத்திரியிலை. அவரோ எண்டு தெரியவேணும். உடம்பிலை ஏதும் அடையாளம் இருக்கோ?"

அவள் தன் இடக்கையைத் தூக்கி, மோதிர விரலின் நடுவில் மற்றக் கையால் வெட்டுவதுபோலக் காட்டினாள். பிறகு சொன்னாள்.

"பாதிதான் அக்கா. நங்கூரக் கயிறு சுத்தி அறுத்தது. கலியாணத்துக்கு மோதிரம் மற்ற விரலிலைதான் போட்டவர்."

மேலே ஓடி வந்தபோது வெயில் புகாரைக் கிழிக்கத் தொடங்கியிருந்தது. அக்கரைக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலத் தளம்பியது. "இடக்கை மோதிர விரல் பாதி" என்று மூன்று தடவை சொன்னேன். "விரல்... பாதி... ஆள் அனுப்பி..." என்று கேட்டது. "நாளைக்கு..." என்று கேட்டது. அதோடு வெறும் இரைச்சல்.

அடுத்த நாள் காற்று அடித்தது. விடியவே கடலேரியில் சின்னச் சின்ன அலைகள், புகார் இல்லை, வானம் கழுவிவிட்டாற்போல. பெட்டியில் எங்கள் ஜீப்புகள் மட்டும் கதைத்தன. அந்தப் பெண்ணை மேலே வரச் சொல்லி, சார்ஜன்ட் தன் கதிரையை அவளுக்குக் கொடுத்தார். விதிப்படி அதுவும் பிழை. தன் தமையனும் கடலுக்குப் போகிறவன், பதினொரு நாள் கழித்துத் திரும்பி வந்தவன் என்று அவர் அவளுக்கு மெல்லச் சொன்னார். அவள் செபமாலையை உருட்டியபடி பெட்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு நான், "இண்டைக்கு இனி வராது" என்றேன். தலையாட்டிவிட்டு எழும்பிப் போனாள்.

அதற்கு அடுத்த நாள் நான் ஆறரைக்கே வந்துவிட்டேன். அவள் எனக்கு முன்னமே படியில் நின்றாள். காற்று விழுந்திருந்தது. ஒரு காகம் கத்தினால் அந்தச் சத்தம் தண்ணீருக்கு மேலாலே போய்த் தூரத்தில் திரும்பக் கேட்டது. பெட்டியைத் திறந்ததும் அவர் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாழ்ப்பாணத்து அம்மா இருக்கீங்களா? யாழ்ப்பாணத்து அம்மா?"

"இருக்கிறன் ஐயா."

"நேத்தும் கூப்பிட்டேம்மா. கெடைக்கல. அந்தப் பாதி விரல் ஆளு உயிரோடதான் இருக்காரு. நேத்து சாயங்காலம் கண்ணு முழிச்சு கஞ்சி குடிச்சாரு. மீன் இல்லையான்னு கேட்டாராம்."

எனக்குப் பின்னால் கதிரை உருண்டது. அந்தப் பெண் நிலத்தில் இருந்து, மேசைக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நன்றி சொல்லவென்று பொத்தானை அழுத்தியபடியே இருந்தேன். அவளுடைய அழுகை அக்கரைக்குப் போயிருக்க வேண்டும். நான் கையை எடுத்தபோது அவர் சொன்னார்:

"அது அவங்க சம்சாரமா? அழட்டும்மா, அழட்டும்."

விடயம் மேலே போகாமல் இருக்குமா? எங்கள் ஜீப்புகள் எல்லாமே கேட்டிருந்தன. இரண்டு கிழமையில் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வேறு நாட்டுப் பொலிசோடு அனுமதியில்லாமல் கதைத்ததற்கு என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதினேன். சார்ஜன்டையும் கேட்டார். அன்றைய குறிப்புப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தார் சார்ஜன்ட். "எனது கட்டளைப்படி ஒப்பரேற்றர் கதைத்தார்" என்று, அன்று காலையே, நான் படியில் இறங்கி ஓடிய நேரத்தில், அவர் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார். எனக்கு அது தெரியாது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அவரை அம்பாறைப் பக்கம் மாற்றினார்கள்.

போகிற அன்று, "ஏன் அப்பிடி எழுதினீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் கட்டளை குடுத்தது உண்மைதானே மிஸ்," என்றார். "படகு இலக்கம் கேளுங்கோ எண்டு சொன்னது யார்?"

சித்திரையில் அந்தச் சின்னக் கருவி வந்தது. மெக்கானிக் அதைப் பெட்டிக்குள் பொருத்தினார். அதற்குப் பிறகு எங்கள் ஜீப் கதைத்தால் மட்டும் பெட்டி திறக்கும், மற்ற நேரம் சுவர் போல மௌனம். வேலை இலகுவாகிவிட்டது, அதை மறுக்க முடியாது. ஒரு சொல்லும் தவறவில்லை. கருவியைத் தற்காலிகமாக நிறுத்த ஒரு பொத்தானும் இருந்தது. இரண்டு மூன்று காலைகளில் நான் அதை அழுத்திப் பார்த்தேன். அதற்குள் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று தொடங்கியிருந்தது. இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கரைக்காரரிடம் போய்வருகிறேன் என்று ஒரு சொல் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு நெடுநாள் மனதில் கிடந்தது.

ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு அந்த இலக்கத்துக்கு யாரும் தமிழில் ரெலிபோன் எடுக்கவில்லை. மணி அடித்தால் நான் எடுத்து "சொல்லுங்கோ" என்பேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும், பிறகு வைத்துவிடுவார்கள். ஜீப்புகளும் தனியே ஓடுவதை நிறுத்திவிட்டன. கார்த்திகையில் நான் கேட்டு எழுதி, மறுபடியும் நெல்லியடிக்கே வந்தேன். மெக்கானிக் கொழும்புக்குத் திரும்பவில்லை, கோப்பாயில் தன் தோட்டத்தோடு நின்றுவிட்டார். சில வருடங்களில் அந்தக் கட்டடமும் கம்பமும் இல்லாமல் போயின. நான் போய்ப் பார்க்கவில்லை.

எனக்கு நினைக்கப் பிடித்தது அதற்கெல்லாம் முந்திய வைகாசியின் ஒரு காலைப்பொழுது. நாலு பேரும் கப்பலில் தலைமன்னாருக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் ஊர் வந்து சேர்ந்து இரண்டு நாள். அந்தப் பெண் தன் புருசனைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தாள். உயரமான, மெலிந்துபோன மனிதர். தோள்களில் வெயில் உரித்த தோலின் தழும்பு இன்னும் தெரிந்தது. பனையோலையில் சுற்றிப் பெரிய கருவாட்டுத் துண்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு நின்றார். நான் கதிரையைக் காட்டினேன். இருந்துகொண்டு பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியிலை நான் கண் முழிக்கேக்கை," என்றார், "ஒரு பொலிஸ்காரன் என்ரை கையைப் பிடிச்சு விரலை எண்ணிக்கொண்டு நிக்கிறான். எண்ணிப்போட்டுச் சிரிக்கிறான். நான் நினைச்சன், செத்துப்போனன், இதுதான் அங்கை முதல் கேக்கிற கணக்காக்கும் எண்டு."

அவள் வெட்கத்தோடு அவர் தோளில் அடித்தாள். அவர் தன் பாதி விரலால் பெட்டியின் விளிம்பை மெல்லத் தொட்டார், சூடாக இருக்குமோ என்று பார்ப்பதுபோல.

"இதுக்குள்ளாலைதானோ?"

"ஓம், இதுக்குள்ளாலைதான்."

அப்போது பெட்டி திறந்தது. நெல்லியடிச் சந்தியில் சந்தைக்கு வந்த லொறி ஒன்று சில்லு வெடித்து வீதிக்குக் குறுக்கே நிற்கிறது, இரண்டு பக்கமும் பஸ்கள் மறிபட்டு நிற்கின்றன, வெங்காய மூட்டைகள் வீதியில் கிடக்கின்றன என்று ஜீப் சொன்னது. நான் வரைபடத்தைப் பார்த்தேன். வல்லைப் பக்கம் இன்னொரு ஜீப் நின்றது. அதைக் கூப்பிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, நான் கதைத்து முடியும்வரை அசையாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.